நின்றே பழுதாகும் கார்: பழைய வாகனத்தை வீட்டில் மீட்பதற்கான அடிப்படைகள்

2015 பிப்ரவரியில் பாரிஸில் நடந்த ஒரு கார் ஏலம் உலகச் செய்தியானது. ரோஜர் பையோன் என்ற பிரெஞ்சுத் தொழிலதிபர் வாங்கிச் சேர்த்த கார்கள் மேற்கு பிரான்சில் கொட்டகைகளுக்குள் பல பத்தாண்டுகள் கேட்பாரற்றுக் கிடந்தன. 2014இல் கண்டெடுக்கப்பட்ட அவை, மேலே படிந்த தூசிகூடத் துடைக்கப்படாமல் ஏலக்கூடத்துக்கு வந்தன. அவற்றில் 1961ஆம் ஆண்டின் ஃபெராரி 250 ஜிடி கலிஃபோர்னியா ஸ்பைடர் ஒன்று 1.6 கோடி யூரோவுக்கு மேல் விலை போனது.

இத்தகைய செய்திகள் இரண்டு குழப்பங்களை விட்டுச் செல்கின்றன. தூசியோடு இருப்பதற்கே இவ்வளவு மதிப்பு என்றால், பழைய காரை ஏன் புதுப்பிக்க வேண்டும் என்பது ஒன்று. கூரைக்கடியில் ஓடாமலே இருந்த கார் தேய்ந்திருக்காதே, புது பேட்டரியும் புது பெட்ரோலும் போட்டால் கிளம்பிவிடாதா என்பது இன்னொன்று. முதல் கேள்விக்குச் சில வரிகள் போதும். இரண்டாவது கேள்விதான் வீட்டில் காரை மீட்க நினைப்பவர்களில் பெரும்பாலானோரை இடறவைக்கிறது. ஓடிய கார் தேய்கிறது. நின்ற கார் அரிக்கப்படுகிறது. தேய்மானத்தைச் சீர்செய்வதை விட அரிப்பைச் சீர்செய்வது கடினம்.

சொற்களைத் தெளிவாக்கிக்கொள்வோம்

பழமையான வாகனங்களுக்கான சர்வதேசக் கூட்டமைப்பான ஃபிவா 1966இல் தொடங்கப்பட்டது. குறைந்தது 30 ஆண்டு வயதுடைய, வரலாற்று ரீதியாகச் சரியான நிலையில் பேணப்படுகிற, அன்றாடப் போக்குவரத்துக்குப் பயன்படாத வாகனத்தையே அது வரலாற்று வாகனமாகக் கொள்கிறது. 2012இல் அது ஏற்ற டுரின் சாசனம், பேச்சுவழக்கில் எல்லாம் ஒன்றாகிவிட்ட வேலைகளைப் பிரித்துக் காட்டுகிறது. நமக்கு மூன்று போதும்.

1. பழுதுபார்த்தல்: கெட்ட பாகத்தைச் சரிசெய்து காரை மீண்டும் இயங்க வைப்பது.
2. காத்தல்: இருப்பதை மாற்றாமல், மேலும் கெடுவதைத் தடுப்பது.
3. மீட்டமைத்தல்: இழந்துவிட்டவற்றைத் திரும்பச் செய்து, காரை அதன் முந்தைய நிலைக்குக் கொண்டுபோவது.

இவற்றில் மூன்றாவது மட்டும் திரும்பிப் போக முடியாத வழி. தொழிற்சாலை அடித்த பெயிண்டைச் சுரண்டி எடுத்துவிட்டால், அதைவிட அழகான பெயிண்ட் கிடைக்கலாம். அதே பெயிண்ட் கிடைக்காது. பாரிஸில் தூசிக்கு விலை கிடைத்ததன் காரணம் இதுதான். அபூர்வமான ஃபெராரிக்குப் பொருந்துவது லட்சக்கணக்கில் தயாரான மாரிஸ் மைனருக்கு அப்படியே பொருந்தாது. ஆனாலும் சுரண்டும் முன் யோசி என்பது இரண்டுக்கும் பொது. இருக்கையின் கிழிசலைத் தைத்தால் போதும் என்கிற இடத்தில் புதுத் தோல் மாற்றுவது, வேலையை முடித்ததாகக் காட்டும் ஆசையே தவிர மீட்பு ஆகாது.

நிற்கும் காருக்குள் நடப்பது

ஓடும் என்ஜின் தன்னைத்தானே உலர்த்திக்கொள்கிறது. சூடேறும்போது எண்ணெயில் சேர்ந்த ஈரம் ஆவியாகிறது. எண்ணெய் ஒவ்வொரு பரப்பிலும் புதிதாகப் படர்கிறது. பிரேக் ட்ரம்மின் உட்புறம் ஒவ்வொரு மிதியிலும் தேய்ந்து துரு நீங்குகிறது. கார் நின்றதும் இவை அனைத்தும் நிற்கின்றன. எண்ணெய் மெல்ல வழிந்து கீழே இறங்குகிறது. இரவில் உலோகம் குளிர்ந்து, காலையில் ஈரக்காற்று அதன்மேல் பனிக்கிறது. காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 60 சதவீதத்தைத் தாண்டினால் இரும்பு துருப்பிடிக்கும் வேகம் சட்டென்று கூடுகிறது. நீர்புகாத தார்ப்பாயை இறுக்கிக் கட்டியவர் மழையை வெளியே நிறுத்திவிட்டு ஈரத்தை உள்ளே பூட்டியிருக்கிறார். காற்று புகும் துணி உறையே மேல்.

ஆக, நெடுநாள் நின்ற காரின் எதிரிகள் நீர், ஆக்ஸிஜன், காலம் ஆகிய மூன்று. அடுத்து வரும் ஒவ்வொரு பகுதியிலும் இவையேதான் வேறு வேடத்தில் வருகின்றன.

துரு: கண்ணுக்குத் தெரிவது கடைசிக் கட்டம்

இரும்பு துருவாக மாறும்போது பருத்துப்போகிறது. உருவாகும் சேர்மத்தைப் பொறுத்து இரண்டு மடங்கிலிருந்து ஆறு மடங்கு வரை இடத்தை அடைத்துக்கொள்கிறது. காரின் உடல், தகடுகளை ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் புள்ளி புள்ளியாக வெல்டிங் செய்து உருவாக்கப்பட்டது. அந்த இரண்டு தகடுகளுக்கு நடுவே, பெயிண்ட் ஒருபோதும் எட்டாத மடிப்பில், நீர் நுண்குழாய் விசையால் ஏறி உட்கார்ந்துகொள்கிறது. அங்கே பிறக்கும் துரு ஆப்பு போலத் தகடுகளைப் பிரிக்கிறது. பிரிந்த இடைவெளியில் மேலும் நீர் புகுகிறது. வெளியே பெயிண்டில் சின்னக் கொப்புளம் தெரிகிறபோது, உள்ளிருந்து வந்த துரு தகட்டைத் தின்று முடித்து வெளியே எட்டிப் பார்க்கிறது என்று பொருள். கொப்புளத்தைத் தேய்த்துப் பட்டி பூசி பெயிண்ட் அடிப்பது அதை மறைக்க மட்டுமே உதவும்.

துரு எங்கே இருக்கிறது என்பது எவ்வளவு இருக்கிறது என்பதைவிட முக்கியம். இதற்குக் காரின் கட்டுமானம் தெரிய வேண்டும்.

பழைய முறையில் ஏணி போன்ற இரும்புச் சேசிஸ் பாரத்தைச் சுமக்கும். உடல் அதன்மேல் போல்ட் போட்டு வைத்த கூடு. 1948இல் வந்த லேண்ட் ரோவர் இந்த வகை. அதன் உடல் அலுமினியக் கலவை என்பதால் துருப்பிடிக்காது என்று நம்பி வாங்குகிறவர்கள், அடியில் குனிந்து சேசிஸைப் பார்க்கத் தவறுகிறார்கள். தவிரவும், அலுமினியமும் இரும்பும் ஈரத்தில் தொட்டுக்கொண்டிருந்தால் மின்வேதி அரிப்பு ஏற்பட்டு, அலுமினியம் வெள்ளைப் பொடியாக உதிரும்.

இன்னொரு முறையில் தனிச் சேசிஸ் கிடையாது. உடலே பாரம் தாங்கும். லான்சியா லாம்ப்டா 1922இலேயே இந்தப் பாதையில் நடந்தது. 1934இன் சிட்ரோயன் டிராக்ஷன் அவான் அதைப் பெருமளவு உற்பத்திக்குக் கொண்டுவந்தது. மாரிஸ் மைனரும் எம்ஜிபியும் இந்த வகையே. இவற்றில் கதவுக்கு அடியில் முன்சக்கரத்திலிருந்து பின்சக்கரம் வரை ஓடும் பெட்டி வடிவ விட்டமான ‘சில்’ காரின் முதுகெலும்பு. அது அழுகியிருந்தால் கார் நடுவில் தொய்கிறது. அறிகுறியைக் கண்டுபிடிக்கக் கருவி வேண்டாம்: கதவின் பின்னோர இடைவெளி மேலும் கீழும் ஒரே அளவா என்று பார்த்தால் போதும்.

வீட்டில் செய்யக்கூடிய சோதனை எளிது. மெல்லிய துணியில் சுற்றிய சிறு காந்தத்தைத் தகட்டின்மேல் நகர்த்துங்கள். பிடி தளரும் இடத்தில் பட்டி தடிமனாக இருக்கிறது. ஸ்க்ரூடிரைவரின் கைப்பிடியால் தட்டுங்கள். நல்ல தகடு கணீரென்று ஒலிக்கும், அழுகியது மந்தமாக ஒலிக்கும். சக்கர வளைவு, கால்மிதித் தளம், ஸ்பிரிங் பொருந்தும் இடங்கள், பேட்டரித் தட்டு, முன்கண்ணாடியின் கீழ்மூலை ஆகியவை எந்த ஊர்க் காரிலும் முதலில் போகிற இடங்கள்.

சீர்செய்வதில் மூன்று நிலைகள் உண்டு.

1. மேற்பரப்புத் துரு: கம்பி பிரஷ், உப்புத்தாள் கொண்டு தேய்த்து, பாஸ்பாரிக் அமிலம் அல்லது டானிக் அமிலம் உள்ள துருமாற்றியைப் பூசலாம். அது எஞ்சிய துருவை நிலையான சேர்மமாக மாற்றும். தகட்டுக்கு இழந்த தடிமனைத் திருப்பித் தராது.

2. கழற்ற முடிந்த சிறு பாகங்கள்: சலவைச் சோடா கரைத்த நீரில் பாகத்தை மூழ்கவைத்து, பேட்டரி சார்ஜரின் எதிர்முனையை அதற்கும் நேர்முனையை ஒரு பழைய இரும்புத் துண்டுக்கும் கொடுத்தால், நல்ல உலோகத்தைத் தொடாமல் துரு மட்டும் கழலும். நேர்முனையில் துருப்பிடிக்காத எஃகைப் பயன்படுத்தவே கூடாது. அதிலுள்ள குரோமியம் நச்சாக நீரில் இறங்கும். ஹைட்ரஜன் வாயு எழும் என்பதால் திறந்த இடத்தில், நெருப்புக்கு அப்பால் செய்ய வேண்டும். ஸ்பிரிங்குகளையும் உயர்வலிமை போல்ட்டுகளையும் இதில் போடக்கூடாது; ஹைட்ரஜன் ஊடுருவி அவற்றை நொறுங்கும் தன்மைக்குக் கொண்டுபோய்விடும்.

3. ஓட்டை விழுந்த தகடு: வெட்டி எடுத்து, நல்ல உலோகம் வரும்வரை பின்வாங்கி, அங்கிருந்து புதுத் தகட்டை வெல்டிங் செய்வதே வழி. பழையதன் மேலேயே புதுத் தகட்டை ஒட்டினால் மீண்டும் ஈரம் தங்கும் மடிப்பு உருவாகும்.

பாரம் தாங்கும் சில்லை வெட்டும் முன் காரை எங்கெங்கே தாங்கி நிறுத்தியிருக்கிறோம் என்பதே எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. கதவு வாயின் குறுக்கே இரும்புக் குழாயைத் தற்காலிகமாகப் பொருத்தி, ஒரு பக்கத்தை முடித்த பிறகே மறுபக்கத்தைத் தொட வேண்டும். கூரையில்லாத காரில் இதைத் தவிர்த்தவர்கள், வெல்டிங் முடிந்தபின் கதவு மூடாத காரைப் பெறுகிறார்கள். வளைந்த நிலையிலேயே அதைப் பற்றவைத்துவிட்டார்கள். மெல்லிய தகட்டில் நீளமாகக் கோடு இழுக்காமல், அங்கொன்றும் இங்கொன்றுமாகப் புள்ளி வைத்து ஆறவிட்டால் தகடு நெளியாது.

தீயைப் பற்றி ஒரு சொல். காலியான பெட்ரோல் டாங்க், நிறைந்த டாங்கைவிட ஆபத்தானது. நிறைந்ததில் திரவம், காலியானதில் காற்றும் ஆவியும் கலந்த வெடிபொருள். வெல்டிங் கருவியை எடுக்கும் முன் டாங்க் காரிலிருந்து இறங்கி, வேலை செய்யும் இடத்தைவிட்டே போயிருக்க வேண்டும்.

பிரேக்: நீர் குடிக்கும் திரவம்

கார் ஓடுகிறதா என்று பார்க்கும் அவசரத்தில் பிரேக்கைக் கடைசிக்குத் தள்ளுவது வழக்கம். முறை இதற்கு நேர் எதிரானது. ஓடாத கார் யாரையும் கொல்லாது.

டாட் 3, டாட் 4, டாட் 5.1 என்று எண்ணிடப்பட்ட பிரேக் திரவங்கள் கிளைகால் வகையைச் சேர்ந்தவை. ரப்பர் ஹோஸ்களின் சுவர் வழியாகக்கூடக் காற்றின் ஈரத்தை உறிஞ்சுகின்றன. புதிய டாட் 4 திரவத்தின் கொதிநிலை குறைந்தது 230 டிகிரி செல்சியஸ். நீர் கலந்த நிலைக்கான வரையறை 155 டிகிரி. இறக்கத்தில் தொடர்ந்து மிதிக்கும்போது சூடு இதைத் தாண்டினால் குழாய்க்குள் ஆவிக்குமிழிகள் உண்டாகும். திரவத்தை அழுத்தினால் சுருங்காது, ஆவி சுருங்கும். மிதி தரைவரை இறங்கும், கார் நிற்காது.

நின்ற காரில் இன்னொன்றும் நடக்கிறது. உறிஞ்சிய நீர் சக்கர சிலிண்டரின் உட்சுவரில் சிறு குழிகளை அரிக்கிறது. காரை எடுத்து மிதித்த முதல் நாள் எல்லாம் சரியாகத் தெரியும். ரப்பர் சீல் அந்தக் குழிகளின்மேல் முன்னும் பின்னும் தேய்ந்து கிழியச் சில வாரங்கள் ஆகலாம். மேலோட்டமான குழியைத் தேய்த்து நீக்கலாம். நகத்தில் தட்டுப்படும் ஆழம் இருந்தால் சிலிண்டரை மாற்றவோ உள்ளுறை பொருத்தவோ வேண்டும். ஹோஸ்களின் நிலைமை இன்னும் வஞ்சகமானது. வெளியே நல்ல தோற்றம், உள்ளே ரப்பர் வீங்கித் துளை அடைபட்டிருக்கும். மிதித்தால் அழுத்தம் போகும். காலை எடுத்தால் திரும்பி வராது. சக்கரம் பிடித்துக்கொண்டு சூடாவதைப் பார்த்து சிலிண்டரைக் குறைசொல்வார்கள். ஹோஸ்களைச் சோதிப்பதற்குப் பதில் மாற்றிவிடுவதே புத்திசாலித்தனம்.

பழைய கார்கள் பலவற்றில் நான்கு சக்கரத்துக்கும் ஒரே திரவச் சுற்றுதான். ஒரு குழாய் விட்டால் நான்கும் போகும். அமெரிக்கா 1968இலிருந்து பயணிகள் கார்களுக்கு இரட்டைச் சுற்றைக் கட்டாயமாக்கியது. அதற்கு முந்தைய காரை ஓட்டுகிறவருக்குக் கைபிரேக் அலங்காரப் பொருளாக இருக்க முடியாது. அது ஒன்றே மாற்று வழி.

திரவம் வாங்கும்போது மூன்றை நினைவில் வைக்க வேண்டும். டாட் 5 என்பது சிலிக்கோன். மற்றவற்றோடு அதைக் கலக்கக்கூடாது. டாட் 5.1 பெயரில் நெருக்கமாக இருந்தாலும் கிளைகால் வகை. கிளைகால் திரவம் பெயிண்டை உரிக்கும். சிந்தினால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவ வேண்டும். என்ஜின் ஆயில் ஒரு துளி கலந்தாலும் சாதாரண பிரேக் அமைப்பின் ரப்பர் சீல்கள் ஊதிப்போகும்.

பழைய பிரேக் லைனிங்குகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்தது. ட்ரம்மைத் திறந்ததும் காற்றடித்துத் தூசியைப் பறக்கவிடும் பழக்கம் நுரையீரலுக்கு எமன். தண்ணீர் தெளித்து, ஈரத்துணியால் துடைத்து, துணியை மூடிய பையில் போட வேண்டும்.

பெட்ரோல்: கெடுவதும் கெடுப்பதும்

பெட்ரோல் கெட்டுப்போகும் பொருள். லேசான பகுதிகள் ஆவியாகிவிட, எஞ்சியது ஆக்ஸிஜனேற்றமடைந்து கோந்துபோலத் திரள்கிறது. பிறகு வார்னிஷ் போல இறுகுகிறது. கார்பரேட்டரின் ஜெட் துளைகள் ஒரு மில்லிமீட்டர் அளவிலானவை. சிறு படலமே அவற்றை அடைக்கப் போதும். எனவே டாங்கில் உள்ளதைக் கொண்டு என்ஜினை எழுப்ப முயல வேண்டாம். பழைய பெட்ரோலை வடித்துவிட்டு, முதல் ஓட்டத்துக்குத் தனிச் சிறு கலனிலிருந்து புது பெட்ரோல் கொடுப்பது நல்லது. டாங்கின் உள்துரு கார்பரேட்டருக்குள் போகாமலும் இருக்கும்.

இன்றைய பெட்ரோலில் கலக்கப்படும் எத்தனால் பலரையும் குழப்புகிறது. அதன் விளைவுகள் மூன்று. அது நீரை ஈர்க்கிறது. அளவுக்கு மேல் நீர் சேர்ந்தால் எத்தனாலும் நீரும் பெட்ரோலிலிருந்து பிரிந்து டாங்கின் அடியில் படிந்து அரிக்கின்றன. பழைய ரப்பர் குழாய்களையும் டயாஃப்ரம் என்ற ரப்பர் சவ்வுகளையும் எத்தனால் மென்மையாக்கவோ விரிசல்விடவோ செய்கிறது. தன்னிடம் ஆக்ஸிஜன் வைத்திருப்பதால் பெட்ரோலும் காற்றும் சேர்ந்த கலவையைச் சற்றே மெலியச் செய்கிறது. முதல் இரண்டுக்கும் மருந்து எளிது: எத்தனாலைத் தாங்கும் குழாய்களை மாற்றுவது, காரை நீண்ட நாள் நிறுத்தும் முன் கார்பரேட்டரை வடிப்பது. மூன்றாவதற்கு ஜெட் அளவில் சிறு திருத்தம் தேவைப்படலாம். என்ஜினே அழிந்துவிடும் என்ற பீதிக்கு இடமில்லை. ஆனால் சூடான எக்ஸாஸ்ட் குழாய்க்கு மேலே கசியும் பெட்ரோல் ஹோஸ் தீவிபத்து என்பதால் அலட்சியத்துக்கும் இடமில்லை.

ஈயம் இன்னொரு பழங்கதை. பெட்ரோலில் ஈயச் சேர்மம் கலந்தால் என்ஜின் தட்டுவது குறையும் என்பதை தாமஸ் மிட்லியின் குழு 1921இல் கண்டறிந்தது. 2021 ஜூலையில் அல்ஜீரியா விற்பனையை நிறுத்தியதோடு சாலை வாகனங்களுக்கான ஈயப் பெட்ரோல் உலகெங்கும் முடிவுக்கு வந்தது. எக்ஸாஸ்ட் வால்வும் அது உட்காரும் வளையமும் சூட்டில் நுண்ணளவில் ஒட்டிப் பிய்வதை அந்த ஈயப்படிவு தடுத்துவந்தது. அது இல்லாதபோது மென்மையான இரும்பு வளையம் மெல்லத் தேய்ந்து வால்வு உள்ளே இறங்கும். இதற்கு அஞ்சி நல்ல சிலிண்டர் ஹெட்டை உடனே கழற்ற வேண்டாம். வால்வைத் தள்ளும் டாப்பெட்டில் விடப்படும் இடைவெளியை அவ்வப்போது அளந்து குறித்துவாருங்கள். வால்வு இறங்கினால் அந்த இடைவெளி தொடர்ந்து குறையும். குறைந்தால் அப்போது கடினவளையம் போடலாம். நிதானமாக, குறைந்த தூரம் ஓடும் காருக்கு அந்த நாள் வராமலே போகலாம்.

என்ஜினை எழுப்பும் வரிசை

சாவியைத் திருப்பிப் பார்க்கும் ஆசையை அடக்குவதுதான் இங்கே முதல் வேலை. ஸ்டார்ட்டர் மோட்டாருக்கு பலம் அதிகம், புத்தி இல்லை. துருவால் சிலிண்டரில் ஒட்டிய பிஸ்டன் ரிங்கை அது உடைக்கும். சிக்கிய வால்வைத் தள்ளும் கம்பியான புஷ்ராடை வளைக்கும்.

1. எண்ணெயை வடியுங்கள். முதலில் தெளிந்த நீர் வந்தால் அது உள்ளே தேங்கியிருந்தது என்று பொருள். பால் நிறக் குழம்பு வந்தால் காஸ்கெட்டையோ விரிசலையோ சந்தேகிக்க வேண்டும்.

2. பிளக்குகளைக் கழற்றி ஒவ்வொரு சிலிண்டரிலும் ஊடுருவும் எண்ணெய் விட்டுச் சில நாள் விடுங்கள். நாள்கணக்கில் காத்திருப்பது செலவில்லாத சிகிச்சை.

3. என்ஜினில் பல்வார் (டைமிங் பெல்ட்) இருந்தால் சுழற்றும் முன்பே மாற்றுங்கள். பிறகு கிராங்க் தண்டின் போல்ட்டில் ஸ்பேனர் வைத்து, கையால் முன்னும் பின்னும் சிறிது சிறிதாக அசையுங்கள்.

4. மேல்மூடியைத் திறந்து, கிராங்க் தண்டு இரண்டு முழுச் சுற்று வருவதற்குள் எல்லா வால்வுகளும் இறங்கி ஏறுகின்றனவா என்று கண்ணால் பாருங்கள். ஒன்று கீழேயே நின்றால் அங்கே நிறுத்துங்கள்.

5. புது எண்ணெய், புது வடிகட்டி போட்டு, பிளக் இல்லாமல் ஸ்டார்ட்டரால் சுழற்றி எண்ணெய் அழுத்தம் காட்டும்வரை காத்திருங்கள். பளு இல்லாததால் தாங்கிகள் (பேரிங்குகள்) உலர்ந்து உரசாது.

6. ஒவ்வொரு சிலிண்டரின் அழுத்தத்தையும் அளவிடுங்கள். எண் எவ்வளவு என்பதைவிட ஒன்றுக்கொன்று எவ்வளவு வேறுபடுகிறது என்பதே செய்தி. குறைந்த சிலிண்டரில் ஒரு தேக்கரண்டி எண்ணெய் விட்டு மீண்டும் அளந்தால் அழுத்தம் ஏறுகிறதா? பழுது ரிங்கில். ஏறவில்லையா? வால்வில் அல்லது காஸ்கெட்டில்.

ஆறாவது படியில் வரும் விடையை வைத்துத்தான் என்ஜினைப் பிரிப்பதா என்று முடிவெடுக்க வேண்டும். நன்றாக அழுத்தம் தரும் என்ஜினை, காரை மீட்கிறோம் என்ற பெயரில் பிரிப்பவர்கள் இல்லாத பழுதுக்குப் பணம் செலவழிக்கிறார்கள்.

எண்ணெய் தேர்வில் ஒரு நுணுக்கம் உண்டு. பழைய என்ஜின்களில் வால்வுகளைத் திறக்கும் கேம் தண்டு தட்டையான டாப்பெட்டின்மேல் உரசியே வேலை செய்கிறது. அந்த உரசலைத் தாங்குவது துத்தநாகமும் பாஸ்பரஸும் சேர்ந்த ஒரு சேர்மானம். புதிய கார்களில் புகையைச் சுத்திகரிக்கும் வினையூக்கி மாற்றியைப் பாஸ்பரஸ் கெடுப்பதால், 2004இல் வந்த ஏபிஐ எஸ்எம் என்ற எண்ணெய்த் தரத்திலிருந்து மெல்லிய ரக எண்ணெய்களில் அதன் அளவு 0.08 சதவீதத்துக்குள் கட்டுப்படுத்தப்பட்டது. ஆகவே புத்தம்புதிய விலையுயர்ந்த எண்ணெய் உங்கள் கேம் தண்டுக்கு உகந்ததாக இல்லாமல் போகலாம். கியர்பாக்ஸிலும் இதே கதை: ஜிஎல்-5 என்ற கியர் எண்ணெய்த் தரத்தின் கந்தகச் சேர்மங்கள் பித்தளை, வெண்கலப் பாகங்களைத் தாக்கக்கூடும். கையேடு ஜிஎல்-4 கேட்டால் அதையே ஊற்ற வேண்டும்.

மின்சாரமும் மரைகளும்

மின்கோளாறுகளில் பெரும்பங்கு ஒயரில் இல்லை, காரின் உடல் வழியாக மின்சாரம் திரும்பும் எர்த்தில் இருக்கிறது. துருப்பிடித்த ஒரு போல்ட் வழியாகத்தான் மின்னோட்டம் முழுவதும் பேட்டரிக்குத் திரும்ப வேண்டும். என்ஜின் சுழலும்போது என்ஜின் உடலுக்கும் பேட்டரி எர்த் முனைக்கும் இடையே மல்டிமீட்டர் வைத்தால் அரை வோல்ட்டுக்கு மேல் காட்டக்கூடாது. 6 வோல்ட் கார்களில் இது இன்னும் கண்டிப்பு: அதே விளக்குக்கு இரு மடங்கு மின்னோட்டம் தேவை என்பதால், சிறு தடையும் விளக்கை மங்கச் செய்யும். அமெரிக்காவில் விற்ற ஃபோக்ஸ்வாகன் பீட்டில் 1967 மாடலில்தான் 12 வோல்ட்டுக்கு மாறியது.

1960கள் வரை பல பிரிட்டிஷ் கார்களில் நேர்முனைதான் எர்த். அதைக் கவனிக்காமல் நவீன ரேடியோவையோ ஆல்டர்னேட்டரையோ பொருத்தினால் அவற்றின் டயோடுகள் அந்த நொடியே போகும். பேட்டரியை இணைக்கும் முன் ஒருமுறை பார்ப்பதற்கு ஐந்து விநாடி ஆகும்.

பிளக்குகளுக்குப் பொறியைப் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டருக்குள் திறந்து மூடும் தொடுமுனைகளான பாயின்ட்டுகள் பல கார்களில் 0.4 மில்லிமீட்டர் அளவில் திறக்க வேண்டும். நின்ற காரில் அவற்றின்மேல் மெல்லிய ஆக்ஸைடு படலம் படிந்திருக்கும். ‘பொறி வரவில்லை’ என்று காயில், கண்டென்சர் எல்லாவற்றையும் மாற்றும் முன், மெல்லிய உப்புத்தாளை இரு முறை இழுத்துப் பாருங்கள்.

மரைகள் தனி உலகம். ஜோசப் விட்வொர்த் 1841இல் முன்வைத்த மரையின் கோணம் 55 டிகிரி. பின்னாளின் யூனிஃபைட், மெட்ரிக் மரைகளுக்கு 60 டிகிரி. பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும், ஓரிரு சுற்று ஏறவும் செய்யும், பிறகு இறுகி மரையைக் கெடுக்கும். விட்வொர்த் ஸ்பேனரில் பொறித்திருப்பது போல்ட் தண்டின் விட்டம், தலையின் அளவு இல்லை. இதில் மாரிஸ் நிறுவனம் செய்தது தனி வேடிக்கை: ஹாட்ச்கிஸ் தொழிற்சாலையை வாங்கியபோது கூடவே வந்த பிரெஞ்சு மெட்ரிக் மரைகளை வைத்துக்கொண்டு, தலையை மட்டும் விட்வொர்த் ஸ்பேனருக்கு ஏற்ப வடித்தது. எம்ஜி டிடி என்ஜினைத் திறப்பவர்கள் இன்றும் அந்தச் சிக்கனத்தின் பலனை அனுபவிக்கிறார்கள்.

எதற்குப் பின் எது

மேலே சொன்னவற்றிலிருந்து வேலை வரிசை தானாகவே விழுகிறது. கட்டுமானத் துரு முதலில், ஏனென்றால் அது மீட்க முடியாத நிலையில் இருந்தால் மற்ற எல்லாம் வீண். பிறகு பிரேக், ஸ்டியரிங், டயர். அதன்பின் எரிபொருள், என்ஜின், மின்சாரம். பெயிண்ட் கடைசி. புதுப் பெயிண்டின்மேல் பிரேக் திரவம் சிந்துவதும், வெல்டிங் பொறி தெறிப்பதும், ஸ்பேனர் வழுக்குவதும் வரிசை மாறியவர்களுக்கு நேர்பவை.

டயருக்கு ஒரே குறிப்பு: பள்ளம் ஆழமாக இருப்பது உயிரோடு இருப்பதற்குச் சான்றாகாது. 2000க்குப் பின் தயாரான டயரின் பக்கச்சுவரில் ‘DOT’ என்று தொடங்கும் குறியீட்டின் கடைசி நான்கு எண்கள் தயாரான வாரமும் ஆண்டும். 2314 என்றால் 2014இன் 23ஆம் வாரம். மூன்று எண்ணே இருந்தால் டயர் அதற்கும் முந்தையது. அதைக் கழற்றி எறியலாம்.

கைவிடப்பட்ட முயற்சிகள் பலவற்றின் தோற்றம் ஒன்றுபோலவே இருக்கும்: முழுவதும் பிரித்த கார், பெயரெழுதாத பெட்டிகள், எது எங்கிருந்து வந்தது என்று மறந்துபோன போல்ட்டுகள். ஒரு அமைப்பைப் பிரித்து, சீர்செய்து, பூட்டிய பிறகே அடுத்ததைத் தொடுபவரின் கார் எந்த நாளிலும் கார் வடிவிலேயே இருக்கும். கழற்றும் முன் படம் எடுப்பதும், போல்ட்டுகளை எழுதிய பையில் போடுவதும் ஒரு மணி நேர வேலை. ஓராண்டு கழித்து அதன் அருமை தெரியும்.

வீட்டில் செய்யக்கூடாதவையும் உண்டு. கிராங்க் தண்டைக் கடைவது, சிலிண்டரைத் துளைப்பது, வால்வு வளையம் பொருத்துவது ஆகியவற்றுக்கு நுண்ணளவு இயந்திரங்கள் தேவை. ஐசோசயனேட் கலந்த இருபாக பெயிண்டை வெளிக்காற்று தரும் முகமூடி இல்லாமல் தெளிக்கவே கூடாது. சாதாரண முகமூடி அதை நம்பகமாகத் தடுக்காது. காருக்கு அடியில் படுப்பவர் ஜாக்கியை மட்டும் நம்பக்கூடாது. தாங்கு ஸ்டாண்டுகளை வைத்து, காரை ஒருமுறை ஆட்டிப் பார்த்த பிறகே உள்ளே போக வேண்டும்.

முதல் ஓட்டம் ஒரு கிலோமீட்டர் போதும். திரும்பி வந்ததும் நான்கு சக்கர மையங்களிலும் கையை அருகே கொண்டுபோய்ப் பாருங்கள். ஒன்று மட்டும் சூடாக இருந்தால் அங்கே பிரேக் பிடித்திருக்கிறது அல்லது பேரிங் இறுகியிருக்கிறது. வெள்ளை அட்டையை அடியில் விரித்து இரவு விடுங்கள். காலையில் விழுந்திருக்கும் சொட்டுகளின் நிறமும் இடமும் அடுத்த வாரத்தின் வேலைப் பட்டியல்.